மேற்கோளுக்கு அடுத்த வரி

போன மாதம் அப்பாவுக்கு உள்ளே டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தது, நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சொந்தக்காரர் ஒருவர் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். மலை உச்சியில் கையை விரித்து நிற்கும் ஓர் ஆள், கீழே மஞ்சள் எழுத்தில் "உன்னைக் கொல்லாதது உன்னை வலிமையாக்கும் - நீட்சே". நல்ல மனதோடுதான் அனுப்பியிருப்பார், அதில் சந்தேகமில்லை. ஆனால் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் படுத்துக்கிடந்து, வெளியே வரும்போது செருப்பை மாட்டக்கூட என் தோளைப் பிடிக்கிற மனுஷனைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு எரிச்சல்தான் வந்தது.

ஜெர்மன் தத்துவவாதி நீட்சே "உன்னை" என்று எழுதவே இல்லை. 1888இல் அவர் எழுதியது "என்னைக் கொல்லாதது என்னை வலிமையாக்குகிறது". தீராத தலைவலி, கண் கோளாறு என்று பாசல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வேலையையே 1879இல், முப்பத்தைந்து வயதுகூட ஆகாத நிலையில் விட்டுவிட்டு வந்தவர் அவர். வலியில் கிடப்பவன் பல்லைக் கடித்துக்கொண்டு தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற பேச்சு அது, அப்படித்தான் எனக்குப் படுகிறது. 1889 ஜனவரியில் இத்தாலியின் தூரின் நகரத்தில் மனநிலை குலைந்தது, அப்புறம் பதினொரு வருடம் முதலில் அம்மா, பிறகு தங்கை என்று யாராவது பார்த்துக்கொள்ள வேண்டிய நிலையில் இருந்து 1900இல் போய்ச் சேர்ந்தார். இதையெல்லாம் அந்த மலை உச்சிப் படத்தில் எங்கே போடுவது?

மார்க்ஸுக்கு நடந்தது இன்னும் மோசம். "மதம் மக்களின் அபின்" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு பக்தரும் நாத்திகரும் டீக்கடையில் எத்தனை சண்டை போட்டிருக்கிறார்கள்! 1844இல் அச்சான அந்தக் கட்டுரையில் அதற்குச் சற்று முன்னால் என்ன இருக்கிறது தெரியுமா? மதம் ஒடுக்கப்பட்ட உயிரின் பெருமூச்சு, இதயமற்ற உலகத்தின் இதயம் என்கிறார். அன்றைக்கு ஐரோப்பாவில் அபின் என்றால் போதை மட்டுமில்லை, மருந்துக்கடையில் விற்ற வலி மருந்தும்கூட. வலி இருக்கிறது, அதனால் மருந்து தேடுகிறார்கள், முதலில் வலியின் காரணத்தைப் பார் என்பதுதான் அவர் வாதம். மதத்தை அவர் விமர்சிக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை, நன்றாகவே விமர்சிக்கிறார். ஆனால் கோயில் வாசலில் கைகூப்பி நிற்கிற கிழவியைப் பார்த்து இளிக்கிறவனுக்கு அந்தப் பத்தியில் இடமில்லை.

பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் கதை சின்னது. "நீ சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்" என்பது அவர் சொன்னதே இல்லை. அவர் இறந்தது 1778இல். அவரைப் பற்றி எழுதிய ஈவ்லின் பியாட்ரிஸ் ஹால் என்ற பெண் அவருடைய மனப்போக்கை விளக்க 1906இல் எழுதிய வாக்கியம் அது. பாவம், அந்த அம்மா பெயரை எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

சரி, வெளிநாட்டுக்காரர்களை விடுங்கள். நம் கணியன் பூங்குன்றனாரை நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்? புறநானூறு 192, மொத்தம் பதின்மூன்று வரி. முதல் வரி நம் எல்லோருக்கும் மனப்பாடம். அதற்கடுத்து வருகிற "தீதும் நன்றும் பிறர்தர வாரா"வையும் பாதிப் பேர் சொல்லிவிடுவார்கள். அப்புறம் மழை, பாறையில் மோதி இரையும் பேராறு, அந்த நீரின் போக்கிலேயே போகிற தெப்பம் போல நம் உயிர் என்று பாட்டு எங்கேயோ போய்விடுகிறது, அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. முடியும்போது "பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே" என்கிறார்.

எங்கள் ஊர் பேருந்து நிலையத்தில் போன வாரம் ஒரு பிளக்ஸ் வைத்திருந்தார்கள். இரண்டு மாடி உயரத்துக்குத் தலைவர், அவர் முழங்கால் உயரத்துக்கு மாவட்டம், செருப்புப் பக்கத்தில் தபால்தலை அளவில் வட்டச் செயலாளர்கள் முப்பது பேர். மேலே கொட்டை எழுத்தில் "யாதும் ஊரே யாவரும் கேளிர்".