குளியல் தொட்டியில் இருந்து எழும்பும் 'கணவர் ரோபோ' நாடகக் காட்சிதான்

யாழ்ப்பாணத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு காணொளி சுற்றுகிறது. பெட்டியில் வரும் வெள்ளை உடலைக் குளியல் தொட்டியில் ஊறப்போட்டால் இறந்த கணவரின் உருவில் எழும்புமாம், பிரித்தானியாவில் விற்பனைக்கும் வந்துவிட்டதாம்.

பொய். அது 'பிளாக் மிரர்' தொடரின் 'பி ரைட் பேக்' என்ற நாடகம், 2013 பெப்ரவரி 11 அன்று பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. ரோபோவாக வருபவர் டோனல் கிளீசன் என்ற அயர்லாந்து நடிகர். எங்கள் போரைப் பற்றிய ஆவணப்படத்தை 2011-ல் காட்டிய சனல் என்பதால் பலர் அப்படியே நம்பிவிடுகிறார்கள், அது எனக்கு விளங்குகிறது, ஆனால் அதே சனல் கற்பனை நாடகங்களும் போடும். அப்புறம், கதையிலேயே அந்த ரோபோ சாப்பிடாது, தூங்காது, கடைசியில் துணையை இழந்து அதை வாங்கிய பெண்ணுக்கே அது அவன் இல்லை என்று தெரிந்துவிடும். அந்தப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் அனுப்புகிறார்கள்.

உண்மையில் இருப்பது உரையாடும் மென்பொருள். 2016-ல் யூஜீனியா குய்டா என்பவர் இறந்த நண்பரின் குறுஞ்செய்திகளை வைத்து அப்படி ஒன்றைச் செய்தார். சதையும் தோலுமாக நடமாடும் உடல் எந்தக் கடையிலும் இல்லை.

போரில் துணையை இழந்தவர்கள் இத்தனை பேர் வாழும் ஊரில் தயவுசெய்து இதைப் பகிராதீர்கள். இறந்தவரின் படம், குரல் பதிவு, முற்பணம் என்று யாராவது கேட்டால் கொடுக்கவே வேண்டாம்.