அம்மானில் தண்ணீர் முறை

ஜோர்டானின் தண்ணீர்ப் பஞ்சம் என்று பேச்சு எடுத்தாலே ஒரே எண்தான் வந்து விழும். ஓர் ஆளுக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் புதுப்பிக்கத்தக்க நன்னீர் 100 கன மீட்டருக்கும் குறைவு. 500-க்குக் கீழே போனாலே மிகக் கடுமையான பற்றாக்குறை என்பது உலக அளவுகோல். எண்ணில் தவறில்லை. ஆனால் சராசரியை வைத்துக்கொண்டு ஒரு நாட்டைப் புரிந்துகொள்ள முடியாது. அங்கே பஞ்சம் எல்லா வீட்டுக்கும் ஒரே அளவில் வருவதில்லை. மொட்டை மாடியில் எத்தனை டேங்க் இருக்கிறது, வீடு மேட்டில் இருக்கிறதா பள்ளத்தில் இருக்கிறதா, சொந்த வீடா வாடகை வீடா என்று பார்த்துத்தான் வருகிறது.

அரபு நாடுகளின் வளர்ச்சி அறிக்கைகளில் ‘அனைவரையும் உள்ளடக்கிய’ என்ற சொல் தவறாமல் இருக்கும். திட்டத்தின் வரைபடத்தில் அது எங்கே இருக்கிறது என்று தேடினால் கிடைக்காது. இந்த ஒன்றைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். யாருக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை என்ற கேள்வியை முதலில் கேட்காத திட்டம், தண்ணீரையும் மிச்சப்படுத்தாது.

தலைநகர் அம்மானில் குழாய்த் தண்ணீர் பகுதி பகுதியாக முறை வைத்துத்தான் வரும், வாரத்துக்கு ஒரு தடவை. பகுதியைப் பொறுத்து 24 மணி நேரமோ கொஞ்சம் கூடவோ ஓடும். தலைநகரை விட்டு வெளியே போனால் கோடையில் இரண்டு வாரம்கூட இடைவெளி விழும். ஆறு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 80 லிட்டர் என்று சிக்கனமாகவே வைத்தாலும் வாரத்துக்கு 3,360 லிட்டர் ஆகிறது. சாதாரண குடும்பத்தின் மாடியில் இருப்பது ஆயிரம் லிட்டர் டேங்க் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதாவது குழாய் நின்று இரண்டு முதல் நான்கு நாளில் டேங்க் காய்ந்துவிடும். மீதி நாட்களுக்குத் தண்ணி லாரிதான். லாரிக்காரர் கேட்கும் விலை, குழாய்த் தண்ணீரின் விலையைப் போலப் பல மடங்கு. வசதியான பகுதிகளில் வீட்டுக்கு அடியிலேயே இருபது முப்பது கன மீட்டர் கொள்ளும் தொட்டி கட்டியிருப்பார்கள். ஒரே முறை வந்த தண்ணீரில் அவர்களுக்கு மாதம் ஓடிவிடும். பலர் குடியிருக்கும் கட்டடத்தில் மாடி இடம் உரிமையாளர் கையில். வாடகைக்கு இருப்பவர் இன்னொரு டேங்க் வைக்க நினைத்தாலும் நடக்காது. ஆக, மானியத்தில் வரும் குழாய்த் தண்ணீரை அதிகம் பிடித்து வைக்க முடிகிறவர் வசதி உள்ளவர். சந்தை விலைக்கு வாங்குகிறவர் ஏழை.

இதில் பெண்களின் நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. தண்ணீர் வரும் நாள்தான் துணி துவைக்கும் நாள், வீடு கழுவும் நாள், பாத்திரம் பண்டமெல்லாம் நிரப்பி வைக்கும் நாள். அது நடு இரவில் வந்தாலும் எழுந்துதான் ஆக வேண்டும். ஜோர்டானில் வேலையில் இருக்கும், அல்லது வேலை தேடும் பெண்களின் பங்கு சுமார் 14 சதவீதம். உலகிலேயே மிகக் குறைந்த விகிதங்களில் அது ஒன்று. அதற்குப் போக்குவரத்து, குழந்தை பராமரிப்பு, ஊர்க் கட்டுப்பாடு என்று காரணங்கள் பல. முறைத் தண்ணீரும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டியது.

இனி குழாய்க்குள் நடப்பதைப் பார்ப்போம். பொறியாளர் அல்லாதவர்கள் தவறவிடும் இடம் இது. ஜோர்டானில் நகராட்சிக் குழாய்களில் விடும் தண்ணீரில் ஏறக்குறைய பாதிக்குப் பணம் வருவதில்லை. அந்தப் பாதியில் ஒரு பங்கு உண்மையான கசிவு. மற்றது திருட்டு இணைப்பும் மீட்டர் பிழையும். மூன்றையும் பெருக்குவது முறை வைத்துத் திறந்து மூடும் பழக்கம்தான். வால்வை மூடியதும் குழாய் காலியாகிக் காற்று நிறைகிறது. அடுத்த முறை திறக்கும்போது தண்ணீர் அந்தக் காற்றைத் தள்ளிக்கொண்டு வரும். மீட்டர் காற்றுக்கே சுழலும். அழுத்தம் திடீரென்று ஏறி மூட்டுகள் விடும். குழாய் காலியாக இருக்கும் நேரத்தில் வெளியிலிருக்கும் சாக்கடை நீர் ஓட்டைகள் வழியே உள்ளே வர வழியாகிறது. திறந்த நிமிடத்தில் எல்லா வீட்டு டேங்கும் ஒரே சமயத்தில் இழுக்கும். தாழ்வான வீடு முதலில் நிரம்பும். மேட்டு வீட்டுக்கு அழுத்தம் வருவதற்குள் முறை முடிந்துவிடும். உடனே மேட்டு வீட்டுக்காரர் நேரடியாகக் குழாயிலேயே மோட்டார் போடுவார். அது பக்கத்து வீட்டின் பங்கையும் சேர்த்து இழுக்கும்.

டேங்கில், நிரம்பியதும் தண்ணீரை நிறுத்தும் மிதவை வால்வு ஒன்று இருக்கிறது. அது தேய்ந்திருந்தால் இரவெல்லாம் மாடியில் வழியும். நன்றாக இருந்தாலும் டேங்க் நிரம்பும் தறுவாயில் சொட்டுச் சொட்டாகத்தான் விடும். அந்த மெல்லிய ஓட்டத்தைப் பழைய மீட்டர் பதிவே செய்யாது. கசிவைக் கண்டுபிடிக்கப் பிற ஊர்களில் விடியற்காலை இரண்டிலிருந்து நான்கு மணி வரை பகுதிக்குள் போகும் ஓட்டத்தை அளப்பார்கள். யாரும் புழங்காத நேரத்தில் ஓடுவது கசிவு என்று கொள்ளலாம். அம்மானில் அந்த நேரத்திலும் டேங்குகள் நிரம்பிக்கொண்டிருக்கும். அளவு பொய் சொல்லும். பகுதியைத் தனியாகப் பிரித்து, நுழைவில் ஒரே மீட்டர் வைத்து, எல்லா டேங்கும் நிரம்பி வால்வுகள் மூடும் வரை சில நாட்கள் தொடர்ந்து தண்ணீர் விட்டு, அதன் பிறகுதான் இரவு ஓட்டத்தை அளக்க வேண்டும். இந்தப் பொறுமை இல்லாமல் குழாய் மாற்றும் ஒப்பந்தம் போட்டால், எந்தக் குழாயை மாற்ற வேண்டும் என்பதே தெரியாமல் போகும்.

இப்போது எல்லோரும் நம்பியிருப்பது அகபா திட்டத்தை. செங்கடல் ஓரத்தில் கடல்நீரைக் குடிநீராக்கி, ஆண்டுக்கு 30 கோடி கன மீட்டரைச் சுமார் 450 கி.மீ. குழாயில் அம்மானுக்குக் கொண்டுவருவது. எனக்கு அதில் எதிர்ப்பு இல்லை. வேறு வழியும் குறைவு. கணக்கை மட்டும் முழுதாகப் போட வேண்டும். ஒரு கன மீட்டர் உப்பு நீக்க மூன்று, மூன்றரை யூனிட் மின்சாரம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, பம்பின் திறன் 80 சதவீதம் என்றால், இன்னொரு 3.4 யூனிட். குழாய் உராய்வைச் சேர்க்காமலே ஏழு யூனிட்டை நெருங்குகிறது. 30 கோடி கன மீட்டருக்கு 210 கோடி யூனிட். இவ்வளவு செலவழித்து மலையேற்றிய தண்ணீரில் கால் பங்கு ஊருக்குள் கசிந்தால், 50 கோடி யூனிட்டுக்கு மேல் மண்ணுக்குள் போகிறது. கசிவை அடைக்கும் வேலைக்கு ரிப்பன் வெட்டும் விழா கிடையாது. அதனால்தான் அது எப்போதும் கடைசி வரிசையில் நிற்கிறது என்பது என் எண்ணம்.

இதற்கு முன் வந்த பெரிய திட்டம் டிஸி. தெற்கே சவூதி எல்லையோரம் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் சேர்ந்த நிலத்தடி நீரை 325 கி.மீ. தூரம் கொண்டுவருகிறார்கள். 2013-ல் தொடங்கியது, ஆண்டுக்கு 10 கோடி கன மீட்டர். மழையால் ஈடாகாத நீர் அது, எடுத்தால் தீர்ந்தது. எல்லைக்கு அப்பால் இதே நிலத்தடி நீர்ப் படுகையின் மேல்தான் சவூதி கோதுமை விதைத்தது. 1990-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 40 லட்சம் டன் வரை விளைவித்து ஏற்றுமதியும் செய்தார்கள். பின்னர் தண்ணீர் போகிற போக்கைப் பார்த்து 2008-ல் குறைக்க முடிவெடுத்து, 2016-க்குள் உள்நாட்டுக் கொள்முதலை நிறுத்தினார்கள். அஸ்ரக் கதை இன்னும் வருத்தமானது. உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 1977-ல் சேர்ந்த சதுப்புநிலம் அது. 1980-களில் அம்மானுக்குப் பம்ப் வைத்தார்கள். சுற்றிலும் தனியார் கிணறுகளும் பெருகின. 1992-ல் ஊற்றுகள் வற்றின. இன்று அங்கே ஒரு சிறு பகுதியில் தண்ணீரை வெளியிலிருந்து விட்டு உயிரோடு வைத்திருக்கிறார்கள்.

நாட்டின் தண்ணீரில் ஏறக்குறைய பாதி விவசாயத்துக்குப் போகிறது. அனுமதியில்லாத கிணறுகளை 2013 முதல் அரசு மூடி வருகிறது. மூடியவை ஆயிரத்துக்கும் மேல். துணிச்சலான வேலைதான். ஆனால் டீசல் பம்பை எடுத்துவிட்டு சோலார் பம்ப் வைக்கும் இடங்களில் புதிய சிக்கல் முளைக்கிறது. டீசல் விலை ஏறினால் விவசாயி பம்பை நிறுத்துவார். சோலாரில் வெயில் இருக்கும் வரை இலவசம், நிறுத்தக் காரணமே இல்லை. போர்க்காலத்து யேமனில் டீசல் கிடைக்காமல் சோலாருக்கு மாறியவர்களின் வறுமையைப் பார்த்தால் குறை சொல்ல மனம் வராது, நிலத்தடி நீரோ இறங்கிக்கொண்டே போகிறது. மின்கட்டமைப்பு இருக்கும் இடத்தில் பேனலை அதோடு இணைத்து, உபரி மின்சாரத்துக்குப் பயிரில் வரும் லாபத்தைவிட நல்ல விலை கொடுத்தால் பம்ப் தானாகவே குறையும். பேனலுக்கு மானியம் கொடுக்கும் நிதியாளர்கள் கிணற்றில் மீட்டர் பொருத்துவதை நிபந்தனையாக வைக்க வேண்டும்.

நம்பிக்கை தரும் ஒன்றும் இருக்கிறது. அம்மான், ஸர்கா நகரங்களின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் அஸ்-ஸம்ரா நிலையம், சரிவில் இறங்கி வரும் கழிவுநீரில் டர்பைனைச் சுழற்றியும், கசடிலிருந்து வரும் வாயுவை எரித்தும் தனக்கு வேண்டிய மின்சாரத்தின் பெரும்பகுதியைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அந்த நீர் தலால் மன்னர் அணை வழியாக ஜோர்டான் பள்ளத்தாக்குப் பாசனத்துக்குப் போகிறது. அங்கும் சிறு விவசாயிதான் மாட்டிக்கொள்கிறார். நீரில் பாசியும் துகளும் இருப்பதால் சொட்டுநீர்த் துளைகள் அடைபடும், மணல் வடிகட்டி இல்லாமல் முடியாது. அதை வாங்க முடியாதவரின் வயலில் ஒரு வரிசை வாடும், அடுத்த வரிசை செழிக்கும். வடிகட்டிக்கு மானியம் கொடுப்பது பேனலுக்குக் கொடுப்பதைவிடப் பயனுள்ள செலவு.

அகபா தண்ணீர் வந்து சேரச் சில ஆண்டுகள் ஆகும். அதற்குள் கிழக்கு அம்மான், ஸர்கா, மஃப்ரக் பகுதிகளில் தொடங்கலாம். சிரிய அகதிகளில் பெரும்பாலோர் முகாம்களில் இல்லை, இப்படிப்பட்ட நகரங்களில் வாடகைக்குத்தான் இருக்கிறார்கள். முதலில் ஒவ்வொரு பகுதியிலும் மிக உயரத்தில் இருக்கும் வீட்டில் அழுத்தமானி ஒன்று வைக்க வேண்டும். அங்கே டேங்க் நிரம்பிய பிறகுதான் அந்த முறை முடிந்ததாகக் கணக்கு. அடுத்து மிதவை வால்வு மாற்றம். செலவு குறைவு, பலன் உடனே. பிறகு வாடகைதாரருக்கு மாடியில் இரண்டாவது டேங்க் வைக்கும் உரிமையைச் சட்டத்தில் சேர்க்க வேண்டும். பல குடும்பங்கள் ஒரே மீட்டரில் இருந்தால் எல்லோருடைய பயன்பாடும் ஒன்றாகக் கணக்காகி உயர் கட்டணப் படிக்குத் தள்ளப்படுகிறார்கள். குடும்ப எண்ணிக்கையைப் பதிந்து கட்டணத்தைப் பிரிக்க வேண்டும். குழாய் மாற்றம் இவற்றுக்குப் பிறகு, அளந்து பார்த்த தெருக்களில் மட்டும்.