சுமந்தே பதக்கம் வாங்கியவர்

ராணுவ வீரம் என்று பேச்சு வந்தாலே எத்தனை பேரைச் சாய்த்தார் என்ற கணக்கும் கூடவே வந்துவிடுகிறது. அப்படிப் பேசுகிறவர்களிடம் நான் எப்போதும் ஒரு பெயரைச் சொல்வேன்: வில்லியம் ஹெரால்ட் கோல்ட்மன். முதல் உலகப் போரில், பிரிட்டிஷ் ராணுவத்தின் அதிகாரி அல்லாத வீரர்களிலேயே அதிக வீரப் பதக்கங்கள் வாங்கியவர். பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ், அப்புறம் டி.சி.எம். என்ற டிஸ்டிங்விஷ்ட் காண்டக்ட் மெடல் இரண்டு முறை, மிலிட்டரி மெடல் இரண்டு முறை. ஐந்தில் ஒன்றுகூட எதிரியைச் சுட்டதற்காகக் கிடைத்ததல்ல. அவர் வேலை ஸ்ட்ரெச்சர் தூக்குவது.

ஊர், இங்கிலாந்தின் பர்ட்டனுக்குப் பக்கத்தில் உள்ள ரேஞ்ச்மோர். தோட்டக்காரர். குள்ளமான உருவம். பிரதரன் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர், ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். 1915 ஜனவரியில், 23 வயதில், சாதாரணச் சிப்பாயாகத் தானாகவே போய்ச் சேர்ந்தார். வடக்கு ஸ்டாஃபர்ட்ஷயர் ரெஜிமெண்டின் 6-ஆவது பட்டாலியன். கொல்வதற்கு அவருடைய விசுவாசம் இடம் கொடுக்கவில்லை. ஸ்ட்ரெச்சர் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஸ்ட்ரெச்சர்காரர் என்றதும் செஞ்சிலுவைப் பட்டை கட்டிக்கொண்டு பின்னால் நிற்கும் ஆளை நினைக்க வேண்டாம். பட்டாலியனின் ஸ்ட்ரெச்சர்காரர்கள் மருத்துவப் படையைச் சேர்ந்தவர்கள் அல்ல. கையில் எஸ்.பி. (ஸ்ட்ரெச்சர் பேரர்) என்ற இரண்டு எழுத்துப் பட்டை மட்டும்தான். தாக்குதலுக்குப் போகும் ஆட்களோடு அவர்களும் போக வேண்டும். விழுந்தவனைத் தேடிப் பிடித்து, ரத்தத்தை நிறுத்திக் கட்டுப்போட்டு, பின்னால் இருக்கும் மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சேர்த்த கையோடு அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். எனக்கு அந்தத் திரும்பிப் போவதுதான் பெரிதாகத் தெரிகிறது. முதல் தடவை என்ன இருக்கிறது என்று தெரியாமல் போகலாம். இரண்டாம் தடவை எல்லாம் தெரிந்தே போக வேண்டும்.

1917 பிப்ரவரியில் ஒரு மூடுபனி நாள். முள்கம்பி போடும் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே பனி விலகிவிட, எதிரி சுட ஆரம்பித்துவிட்டான். வேலையை நடத்திய அதிகாரி தொடையில் குண்டு பட்டுக் கம்பியில் சிக்கிக்கொண்டார். கோல்ட்மன் போய் அவரை எடுத்து வந்தார். முதல் மிலிட்டரி மெடல் அதற்கு. ஜூனில் வெடிமருந்துக் குவியல் ஒன்றில் குண்டு விழுந்தபோது, உள்ளேயிருந்த ஒளிவெடிகளை அப்புறப்படுத்தினார். மறுநாள் கம்பெனி என்ற படைப்பிரிவின் தலைமையிடத்தில் குண்டு விழ, அடிபட்டவர்களைப் பார்த்துக்கொண்டார். ஒரு வாரம் கழித்துச் சுரங்கம் ஒன்று இடிந்து ஆட்கள் புதைந்தபோது, தோண்டி எடுக்க ஆள் சேர்த்தவரும் அவர்தான். இரண்டாவது மெடல் இதற்கெல்லாம் சேர்த்து.

1918 அக்டோபர் 3, 4 தேதிகள். பிரான்சின் செக்கேஹார்ட் கிராமத்துக்கு வடகிழக்கே மேனிகின் குன்று. படை பின்வாங்கியதில் அடிபட்டவர்கள் சிலர் அங்கேயே விடப்பட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் யாரும் சொல்லாமலே கோல்ட்மன் தனியாகக் கிளம்பினார். பக்கவாட்டிலிருந்து சூடு நிற்கவே இல்லை. ஆட்களைக் கண்டுபிடித்து, கட்டுப்போட்டு, அடுத்தடுத்து மூன்று முறை முதுகில் சுமந்து வந்தார். விக்டோரியா கிராஸ் இதற்குத்தான். தொடர்ந்து 48 மணி நேரம் காயம்பட்டவர்களைக் கவனித்ததாக அதன் விருதுக் குறிப்பு சொல்கிறது.

இந்த முதுகில் சுமப்பது என்பதை நான் ரொம்ப நாள் ஒரு வரியாகப் படித்துக் கடந்துவிட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன் அப்பா மூன்றாவது மாடியில் மயங்கி விழுந்தார். லிஃப்ட் இல்லை. நானும் தம்பியும் அவரை நாற்காலியில் உட்காரவைத்து இறக்கினோம். நினைவில்லாத உடம்பு எதையும் பிடித்துக்கொள்ளாது. கை ஒரு பக்கம் சரியும், தலை ஒரு பக்கம் சாயும். மூன்று மாடி இறங்குவதற்குள் என் விரல்கள் மரத்துவிட்டன. வெளிச்சமான படிக்கட்டு, பிடிக்கக் கைப்பிடி, கீழே காத்திருக்கும் ஆட்டோ. எங்களை யாரும் சுடவும் இல்லை. அன்றைக்குப் பிறகுதான் அந்த வரியை நின்று படித்தேன்.

இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. அதே முள்கம்பி, அதே குண்டு. அதிகாரி போய் ஆளைத் தூக்கி வந்தால் மிலிட்டரி கிராஸ். சிப்பாய் தூக்கி வந்தால் மிலிட்டரி மெடல். பதவி பார்த்துப் பதக்கம் கொடுக்கும் இந்தப் பழக்கத்தை பிரிட்டன் கைவிட்டது 1993-இல்தான். 1856-இல் தொடங்கிய விக்டோரியா கிராஸில் மட்டும் ஆரம்பத்திலிருந்தே அந்தப் பாகுபாடு இல்லை. அதை வாங்கியபோது கோல்ட்மன் லான்ஸ் கார்ப்ரல், சிப்பாய்க்கு ஒரு படி மேல். கையில் ஒரே ஒரு பட்டை.

சிலர் அவரைப் போர் எதிர்ப்பாளர் என்று எழுதுகிறார்கள். அது சரியில்லை. போருக்குப் போக மறுத்து ஜெயிலுக்குப் போனவர்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள், அவர்களுக்கும் பெரிய மரியாதை உண்டு. கோல்ட்மன் சீருடை போட்டார், படையோடு நடந்தார், அந்தப் படை நடத்திய போரில் பங்கெடுத்தார். அதற்குள்ளேயே தன் கை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று ஒரு கோடு போட்டுக்கொண்டார். இப்படிப்பட்டவரை எந்தக் கட்சியிலும் சேர்க்க முடியாது. அதனால்தான் அவரைப் பற்றிப் பேச ஆள் குறைவு என்று எனக்குத் தோன்றுகிறது.

1919 மே 22-இல் பக்கிங்ஹாம் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பதக்கத்தைக் குத்திவிட்டார். அதன் பிறகு கோல்ட்மன் பர்ட்டனுக்குப் போய் நகராட்சிப் பூங்காக்களில் தோட்ட வேலை பார்த்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்த ஊர் மாணவர் படைக்கு கேப்டன். அப்புறம் மறுபடியும் செடிகொடிகள். 1974-இல் 82 வயதில் இறந்தார். பதக்கங்கள் ஸ்டாஃபர்ட்ஷயர் ரெஜிமெண்டின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கே பழைய போர்க்களம் போலவே ஒரு பதுங்குகுழி வெட்டி, அதற்குக் கோல்ட்மன் பெயரை வைத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் அதற்குள் இறங்கி நடந்து பார்க்கிறார்கள்.