என் மூக்கு பீடோங்கில் வளர்ந்தது

அந்தக் காணொளியை இன்னும் பார்க்காதவர் என் நட்பு வட்டத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். எனக்கே பலர் புலனத்தில் அனுப்பிவிட்டார்கள், கீழே சிரிக்கும் முகங்களோடு. சனிக்கிழமை பினாங்கில் நடந்த வைன் ருசி பார்க்கும் வகுப்பில், ஓட்டலில் வைன் வேலை பார்க்கும் என்னைப் பார்த்து எல்லாரும் சிரித்த காணொளி அது. அதனால் நடந்ததை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

நான் சொன்னது சரி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பினோட்டாஜ் என்ற அந்தத் தென்னாப்பிரிக்கச் சிவப்பு வைனை முகர்ந்தபோது ரப்பர் ஷீட் புகைபோடும் கூடத்து வாடை வந்தது. கேட்டார்கள், சொன்னேன். "எஸ்டேட்டை விட்டு வெளிய வாங்கம்மா, பிளாக்கரண்ட் தெரியலையா?" என்று வகுப்பு நடத்தியவர் சிரித்தார். அவரும் தமிழர்தான். அறையே சேர்ந்து சிரித்தது.

வைன் பழகிய யாரையும் கேட்டுப் பாருங்கள். பினோட்டாஜ் என்பது 1925-இல் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷில் ஆபிரகாம் பெரோல்ட் என்ற பேராசிரியர் பினோ நுவார், சின்சோ என்ற இரண்டு திராட்சை வகைகளைக் கலந்து உருவாக்கிய திராட்சை. எரிந்த ரப்பர் வாடை என்பது தென்னாப்பிரிக்கச் சிவப்பு வைன்கள் மேல் ரொம்ப நாளாகச் சொல்லப்படும் குறை. 2000-களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் வைன் எழுத்தாளர்கள் அதைப் பச்சையாகவே எழுதினார்கள். ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் அது எங்கிருந்து வருகிறது என்று ஆராயவும் செய்தார்கள். லண்டனில் இருப்பவர் ரப்பர் என்று எழுதினால் விமர்சனம். மலேசியாவில், கெடாவின் ரப்பர் தோட்ட ஊரான பீடோங்கில் பிறந்தவள் ரப்பர் என்று சொன்னால் எஸ்டேட் புத்தியா?

இன்னொன்று. அவர்களுக்குத் தெரிந்த ரப்பர் டயர். எனக்குத் தெரிந்தது வேறு. அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைக் கீறி ரப்பர் பால் எடுத்தவர். பாலில் ஆசிட் ஊற்றி உறையவைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக்கி, புகைக்கூடத்தில் கழிகளில் தொங்கவிடுவார்கள். கதவைத் திறந்தால் முதலில் விறகுப் புகை. பிறகு கருகின வெல்லம் மாதிரி ஓர் இனிப்பு. அதற்கும் அடியில் லேசாகப் புளித்த வாடை. மரத்திலும் கோப்பையிலும் ஒட்டிக் காய்ந்துபோகும் ஒட்டுப்பால் வேறு. அது நாறும், அம்மாவின் கைலியை எத்தனை முறை அலசினாலும் போகாது. அன்றைக்கு கிளாஸில் இருந்தது ஒட்டுப்பால் இல்லை, புகைக்கூடம். இரண்டையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிரித்துச் சொல்வேன். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேரால் முடியும்?

மூக்கு தான் அறிந்ததைத்தான் சொல்லும். பிளாக்கரண்ட் என்ற அந்தக் கறுப்புச் சிறுபழத்தை நான் பழமாகப் பார்த்ததே இல்லை. இந்த நாட்டில் பெரும்பாலானவர்களுக்கு அது ரைபீனா பான பாட்டில்தான். பிரான்சின் பூர்கோன் பகுதி வைனில் காட்டுக் காளானும் ஈர இலையும் என்று பிரெஞ்சுக்காரர் சொல்வது அவர் அந்தக் காட்டில் நடந்தவர் என்பதால். அவரைப் பார்த்து யாரும் காட்டை விட்டு வெளியே வா என்று சொல்வதில்லை.

இதெல்லாம் கற்பனை என்று நினைப்பவர்களுக்கு: பிரான்சின் அல்சாஸ் பகுதி வெள்ளை வைனான கெவுர்ட்ஸ்ட்ராமினரில் லைச்சிப் பழம் மணக்கிறது என்றால், ரோஸ் ஆக்சைடு என்ற ஒரே பொருள் இரண்டிலும் இருக்கிறது. சிரா என்ற சிவப்புத் திராட்சை வைனில் வரும் மிளகு வாசத்துக்குக் காரணம் ரோட்டன்டோன் என்ற பொருள், மிளகில் இருப்பதும் அதேதான். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் கண்டு எழுதினார்கள். பிரான்சின் வடக்கு ரோன் பகுதியின் குளிரில் விளைந்த சிராவை முதன்முதலில் வாயில் வைத்தபோது, காய்ச்சலுக்கு அம்மா வைக்கும் மிளகு ரசம் ஞாபகத்துக்கு வந்தது. அதே திராட்சை ஆஸ்திரேலியாவின் பரோசா வெயிலில் விளைந்தால் மிளகு பின்னால் போய்விடுகிறது. நன்றாகக் கனிந்த நாவல்பழம், கருப்பட்டி, நாக்கில் கனம். ஜெர்மனியின் மோசெல் ரீஸ்லிங் என்ற வெள்ளை வைன் நாள்பட நாள்பட மண்ணெண்ணெய் வாடை காட்டும் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. கரண்ட் போன இரவுகளில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த எங்களுக்கு அதைப் புத்தகம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

திராட்சை விளைந்த ஆண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்றைக்கு அதையும் என்னைப் பேச விடவில்லை. பிரான்சின் போர்தோவில் ஒரே தோட்டத்து வைன், 2010-உம் 2013-உம், பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். 2010 வறண்ட ஆண்டு, இரவில் குளிர். அந்த வைன் இன்னும் கொட்டைப்பாக்கு மாதிரித் துவர்க்கிறது, அந்தத் துவர்ப்புக்குள் பழம் அடர்த்தியாக உட்கார்ந்திருக்கிறது, விழுங்கின பிறகும் போகவில்லை. 2013 வசந்தத்தில் குளிரும் மழையும். பூ சரியாகப் பிடிக்கவில்லை, அறுவடை நேரத்தில் அழுகல் வேறு. வைன் மெலிவு, பச்சை மிளகாய்க் காம்பு வாசம், சீக்கிரம் முடிந்துவிடுகிறது. பலர் 2013-ஐ உதட்டைச் சுழித்து ஒதுக்கினார்கள். எனக்கு மனசு வரவில்லை. மழை நாளில் மரம் வெட்ட முடியாது, அம்மாவுக்குச் சம்பளமும் இல்லை. வானம் பார்த்துச் சாப்பிட்ட வீட்டில் வளர்ந்தவள் நான். அந்த மெலிந்த வைனில் ஒரு தோட்டமே ஈரத்தில் நின்று பாடுபட்டது தெரிந்தது. அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். நேரமில்லை என்றார்கள்.

"வைன் ருசி பார்ப்பதே ஏமாற்று வேலை" என்று அந்தக் காணொளிக்குக் கீழே ஒரு தம்பி எழுதியிருந்தார். போர்தோவில் வெள்ளை வைனில் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்து, வைன் படிக்கும் 54 பேர் அதைச் சிவப்பு வைன் மாதிரியே வர்ணித்த 2001 ஆய்வையும் எடுத்துக் காட்டியிருந்தார். உண்மைதான் தம்பி. நிறத்தைப் பார்த்தால் மூக்கு கெட்டுப்போகும். லேபிளைப் பார்த்தால் இன்னும் கெட்டுப்போகும். 1976 மே மாதம் பாரிஸில் லேபிளை மறைத்து ஊற்றியபோது, பிரெஞ்சு நடுவர்களே சிவப்பிலும் வெள்ளையிலும் கலிபோர்னியாவின் 1973 வைன்களுக்கு முதலிடம் கொடுத்தார்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன். பேரைப் பார்க்காதே, ஊரைப் பார்க்காதே, மூக்குக்கு வந்ததைச் சொல். வைனுக்கு அது பொருந்தும் என்றால் அதை முகர்கிற ஆளுக்கும் பொருந்தாதா?

அடுத்தது, எனக்கு வலிக்கிற கேள்வி. "குடியால் அழிந்த சமுதாயம் நம்முடையது, பொம்பளைப் பிள்ளை நீ இதை வேறு பெருமையாக எழுதுகிறாயா?" என்கிறார்கள். எனக்குப் பாடம் எடுக்காதீர்கள். ஏ.எம். சாமி தலைமையில் தோட்டத் தொழிலாளர்களின் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து எழுந்தது எங்கள் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்திலிருந்துதான். 1947-இல் அதற்காக அடி வாங்கினவர்கள் இந்த வட்டாரத்து ஆட்கள். தாத்தா அந்தக் கதையைச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார். அப்படியிருந்தும் அப்பாவைச் சம்சு என்ற மலிவுச் சாராயம் கொண்டுபோனது. சம்பள நாளில் தோட்டத்துக் கணக்கரான கிராணியின் ஆபீஸ் வாசலில் அப்பாவுக்காகக் காத்து நின்றவள் நான். குடி என்னவென்று எனக்குத் தெரியும். வேலையில் ஒரு வாய் எடுத்து, நாக்கில் உருட்டி, துப்பிவிடுகிறேன். ஒரு வைன் காடியாகத் திரும்புகிறது என்று பாட்டில் திறந்ததும் எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று ஓட்டலில் கேட்பார்கள். சாயங்காலம் வரை வைத்த கள் என்ன வாடை வீசும் என்று அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். அந்த நாற்றத்திலிருந்து ஒரு தொழிலை எடுத்துக்கொண்டேன். அம்மா கண் மூடும்வரை அந்தச் சம்பளத்தில்தான் மருந்து வாங்கினேன்.

வசதியானவர்கள் பொழுதுபோக்கு, உனக்கெதற்கு என்பவர்களுக்குப் பதில் கிடையாது. என் வேலை, என் சோறு.

வகுப்பு நடத்தியவர் மேல் எனக்குக் கோபம் குறைந்துவிட்டது. அவருக்கு நான் யாரோ. ஆனால் அந்தக் காணொளியை எங்கள் ஊர்க் குழுவில் போட்டவர் அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் மரம் வெட்டிய குடும்பத்துப் பிள்ளை. அவர் வீட்டில் நான் பசியாறியிருக்கிறேன். அண்ணே, புகைக்கூடத்து வாடை உங்களுக்கும் தெரியும். வெள்ளைக்காரன் அதை மட்டம் என்று நினைத்தால் அவன் அறியாதவன். நாமே அப்படி நினைத்தால் அம்மாக்கள் எல்லாம் விடியலில் எழுந்து போனது எதற்கு?

அதைவிடப் பெரிய சேதம் திங்கட்கிழமைதான் தெரிந்தது. என்னிடம் வேலை பழகும் பிள்ளைகளில் ஒருத்தி சுங்கை பட்டாணிப் பக்கம் தோட்டத்துப் பிள்ளை, நல்ல மூக்கு. போன மாதம் நியூசிலாந்தின் மார்ல்பரோ சோவினியோன் பிளாங் என்ற வெள்ளை வைனை முகர்ந்ததும் கொய்யா என்றாள், யோசிக்கவே இல்லை. இந்தத் திங்கள் அதே வைனைக் கொடுத்தேன். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, புக்குல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள். காணொளியை அவளும் பார்த்திருக்கிறாள்.

எனக்கு அதுதான் தாங்கவில்லை. ஓட்டல் வைன் பட்டியலுக்குக் குறிப்பு எழுதுவது என் பொறுப்பு. அந்த வைனுக்கு நேரே கொய்யா என்று எழுதி, அவளிடமே காட்டிவிட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டேன். மாற்றச் சொல்லி யார் வந்தாலும் மாற்றமாட்டேன்.