நேர்ஸுக்கு வருத்தமே வராதாம்

நைட் முடித்து, கல்லடிப் பாலம் தாண்டி வீட்டுக்கு வந்து கண்ணை மூடினால் பக்கத்து வீட்டு மாமி, "புள்ள, பிரஷர் ஒருக்காப் பாருங்க" என்று கேற்றைத் தட்டுவா. என்னுடைய பிரஷரை யார் பார்ப்பது? நோயாளிகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு போய்விட்டது, தண்ணீர் குடிக்க நேரமில்லாமல் சலக்கடுப்பு வேறு, லீவு கேட்டால் "நேர்ஸுக்கே வருத்தமா" என்று ஒரு சிரிப்பு (அந்தச் சிரிப்புதான் எரிச்சல்). நோயாளிக்குப் போட்ட ஊசி எங்கள் கையில் குத்துப்பட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவி உடனே அறிவிக்க வேண்டும், எச்ஐவி தடுப்பு மருந்து தேவையென்றால் கூடிய சீக்கிரம், 72 மணித்தியாலம் தாண்டாமல் தொடங்க வேண்டும். புதுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறோம், சரி. ஆனால் வாட்டில் ஆள் பற்றாத நேரம் குத்துப்பட்டவள் கையைக் கழுவிவிட்டு அடுத்த கட்டிலுக்குத்தான் ஓடுகிறாள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்றும் போட்டாச்சா என்று அவளிடம் கேட்க ஒருத்தரும் இல்லை, "மிஸ், சேலைன் முடியுது" என்று கத்த மட்டும் நாலு பேர்.