"பயன்படாததை நீக்கு" என்று எழுதினால் போதுமா?

ஏஐ ஏஜென்டுக்கு (சொன்ன வேலையைத் தானே செய்யும் நிரல்) நாங்கள் எழுதிய அறிவுறுத்தல்களுக்குத் திங்கட்கிழமை வந்த மதிப்பெண் பட்டியல் பற்றி நான் போட்ட இரண்டு வரியைப் பார்த்துவிட்டு நிறைய பேர் உள்பெட்டிக்கு வந்தீர்கள். கோபத்தில் எழுத வேண்டாம் என்று மூன்று நாள் பொறுத்தேன். கோபம் ஆறவில்லை, எழுதிவிடுகிறேன்.

கிளவுடில் தேங்கிக் கிடப்பதைச் சுத்தம் செய்யும் ஏஜென்டுக்கு இரண்டு அறிவுறுத்தல்கள் மதிப்பீட்டுக்குப் போயின. ஒன்று ஐந்தே வரி. அதன் சாரம், "பயன்படாத வால்யூம்களைக் கண்டுபிடித்து நீக்கு, செலவைக் குறை." வால்யூம் என்பது கிளவுடில் வாடகைக்கு எடுக்கும் சேமிப்பு வட்டு. தெளிவு, சுருக்கம் என்று முழு மதிப்பெண். இன்னொன்று நான் எழுதிய இரண்டு பக்கம். "நீளம், தேவையில்லாத தயக்கம்" என்று பாதிகூடக் கிடைக்கவில்லை.

பயன்படாத என்றால் என்ன? யார் முடிவு செய்வது? அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸில் ஒரு வால்யூம் (அங்கே இபிஎஸ் என்பார்கள்) எந்தச் சர்வரிலும் மாட்டாமல் இருந்தால் அது காட்டுவது "அவைலபிள்" என்ற ஒரு சொல்தான். அது கேட்பாரற்றுக் கிடக்கிறதா, அடுத்த மாதம் யாராவது தேடி வருவார்களா என்பது அந்தச் சொல்லில் தெரியாது.

எனக்குத் தெரியும், பட்டிருக்கிறேன். பழைய வேலையில், டேக் (யாருடையது, எதற்கு என்று சொல்லும் குறிப்பு) இல்லாமல் 70 நாளாகச் சும்மா கிடந்த வால்யூமை என் கையாலேயே நீக்கினேன். காலாண்டு அறிக்கை ஓடும் மூன்று நாள் மட்டும் கணக்குப் பிரிவு அதை மாட்டுமாம். ஸ்னாப்ஷாட்டும், அதாவது எடுத்து வைத்த நகலும், இல்லை. அந்தப் பிரிவில் இருந்த அக்கா என் மேசைக்கு வந்து, சத்தமே போடாமல், "தம்பி, அது எங்கப்பா போச்சு?" என்று கேட்டார். பிறகு பதினொரு நாள் ரசீதுகளைப் பார்த்துப் பார்த்துக் கையால் ஏற்றினார்கள். அன்று அவர் திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

அதனால்தான் எழுதினேன்: டேக் இல்லையென்றால் நீக்காதே, கேள். முதல் ஓட்டம் டிரை ரன், எதையும் நீக்காமல் பட்டியல் மட்டும் கொடு. நீக்கும் முன் ஸ்னாப்ஷாட் எடு. நீக்க வேண்டியவை 20க்கு மேல் சேர்ந்தால் நிறுத்து. டெர்ராஃபார்ம் (எழுதி வைத்த கோப்பின்படி கிளவுடில் எல்லாவற்றையும் உருவாக்கும் கருவி) பார்த்துக்கொள்வதை நேரடியாகத் தொடாதே. நீக்கினால், அந்தக் கருவி அடுத்த முறை ஓடும்போது (அப்ளை) அதே இடத்தில் காலி வால்யூம் முளைக்கும், தரவும் போய்விடும், பில்லும் குறையாது. இவைதான் மதிப்பெண் போட்டவர்களுக்குத் "தயக்கம்".

ஏஜென்டை இயக்கும் ஏஐ மாடல் புத்திசாலி, தானே புரிந்துகொள்ளும் என்பீர்கள். 2022 ஏப்ரலில் அட்லாசியன் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஒரு பழைய செயலியை அகற்ற ஓட்டிய ஸ்கிரிப்ட், 775 வாடிக்கையாளர்களின் தளங்களை அழித்தது. செயலியின் ஐடி போக வேண்டிய இடத்தில் தளத்தின் ஐடி போனது. ஸ்கிரிப்டின் கட்டளையை வாங்கி நீக்கும் ஏபிஐ இரண்டையும் ஏற்கும், உறுதிதானா என்று கேட்கவும் கேட்காது. சிலருக்குத் தளம் திரும்ப 14 நாள் ஆனது. அங்கே இருந்தவர்கள் புத்தி இல்லாதவர்களா? ஒரு குழு சொன்னது இன்னொரு குழுவுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. எழுத்தில் இருந்த ஓட்டையை எந்தப் புத்தியும் அடைக்கவில்லை.

பெர்மிஷனை இறுக்கினால் போதாதா? இறுக்குங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் சுத்தம் செய்ய வந்த ஏஜென்டுக்கு நீக்கும் உரிமையைக் கொடுத்துத்தானே ஆக வேண்டும். நீளம் என்பது மட்டும் நியாயமான குறை. நீண்டால் ஏஜென்ட் நடுவில் இருப்பதைத் தவறவிடலாம். அந்தக் காரணத்தைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே சுருக்கியிருப்பேன். ஒருவரும் சொல்லவில்லை, மதிப்பெண்ணையும் அந்த ஒற்றை வரியையும் மட்டும் அனுப்பினார்கள்.

மதிப்பீட்டுத் தாளில் நடை உண்டு, அமைப்பு உண்டு, சுருக்கம் உண்டு. "எப்போது நிறுத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறதா?" என்ற கேள்வி எங்கேயும் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு போன் வந்தால் எழுந்து உட்காரப்போவது மதிப்பெண் போட்டவர்கள் அல்ல, நாங்கள். "ரொம்ப பயப்படுறீங்க" என்று எல்லார் முன்னாலும் அவர்கள் சொன்னது இன்னும் வலிக்கிறது. பயம்தான். அந்த அக்காவின் முகம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சோதனைக்கான கிளவுட் கணக்கில் பத்து வால்யூம் போட்டு வைக்கிறேன், இரண்டில் டேக் இருக்காது. இரண்டு அறிவுறுத்தலையும் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் மதிப்பெண் போடுங்கள்.