நாயின் லீடைப் பிடித்திருப்பவரைப் பற்றி

டாக் ஷோ முடிந்த மறுநாள் எங்கு பார்த்தாலும் ஒரே புலம்பல்தான். "நாயைப் பார்த்தா பரிசு குடுக்கறாங்க? நாயைக் கொண்டுவர்ற ஆளைப் பார்த்துல்ல குடுக்கறாங்க!" மூன்று வருடம் நானும் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தவன். இப்போது அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் கரியன் கறுப்பு லாப்ரடார். நல்ல தலை, நல்ல எலும்பு, அந்த இனத்துக்கே உரிய சாந்தமான கண். ஆனால் ரிங்குக்குள், அதாவது போட்டி நடக்கும் களத்துக்குள், போனால் நடை கெட்டுவிடும். ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்து போகும், ஒட்டகம் மாதிரி உடம்பு ஆடும். பேஸிங் என்பார்கள். நடுவர் பார்க்க விரும்புவது ட்ராட். அதில் வலது முன்காலோடு இடது பின்கால் போகும். இவன் உடல்வாகே இவ்வளவுதான் போல என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

ஒரு முறை எனக்கு முட்டிவலி. வேறு வழியில்லாமல், காசு வாங்கிக்கொண்டு மற்றவர் நாயை ஷோவில் நடத்திக் காட்டும் ஒரு தொழில்முறை ஹேண்ட்லரிடம் கரியனைக் கொடுத்தேன். ரிங்குக்கு வெளியே அவர் பழக்கியதைப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். கரியன் பேஸிங்குக்குப் போனதும் லீடை, அதாவது கழுத்தில் மாட்டிய வாரை, காதுக்குப் பின்னால் ஏற்றினார், தலையை லேசாகத் தூக்கினார், ஒரு சின்ன வட்டம் சுற்றி வேகத்தைக் கூட்டினார். அவ்வளவுதான், அடுத்த நாலு எட்டில் அழகான ட்ராட். அவனுக்குத் தேவையான வேகத்தில் நான் ஒரு நாளும் ஓடியதே இல்லை.

நிற்க வைப்பதிலும் அப்படித்தான். நான் பாதத்தைப் பிடித்து நகர்த்துவேன், அவன் உடனே காலை இழுத்துக்கொள்வான். "பாதத்தைத் தொடாதீங்க சார், அவனுக்குப் பிடிக்கல" என்று சொல்லிவிட்டு, முன்காலை முழங்கையில் பிடித்துத் தூக்கி, தோளுக்கு நேர் கீழே இறக்கி வைத்தார். பின்கால்களைக் கணுவிலிருந்து பாதம்வரை செங்குத்தாக நிற்கும்படி வைத்தார். கரியன் அசையவில்லை. மூன்று வருடமாக என்னோடு இருக்கும் நாயை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன் என்று தோன்றியது. அன்று அவன் இனத்தில் முதலிடம்.

நடுவரின் நிலைமையையும் யோசிக்க வேண்டும். அமெரிக்கன் கென்னல் கிளப் ஷோக்களில் மணிக்குச் சுமார் 25 நாய்களைப் பார்த்து முடிக்க வேண்டும். ஒரு நாய்க்கு இரண்டரை நிமிடம்கூடத் தேறாது. அதற்குள் பல்லைப் பார்த்து, உடம்பைத் தடவிப் பார்த்து, நடையையும் பார்த்தாக வேண்டும். அதில் ஒரு நிமிடம் நாய் நெளிந்துகொண்டே இருந்தால், அதன் தோள் நல்ல தோள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

ரிங்குக்கு வெளியே நடக்கும் உழைப்பு இன்னும் பெரிது. கம்பி முடி டெரியர்களுக்குக் கத்தரி போட்டால் முடி மென்மையாகி நிறமும் வெளுத்துவிடும் என்பதால் வாரக்கணக்கில் கையாலேயே முடியைப் பிடுங்கி எடுப்பார்கள். காஸ் ஹோசகா என்ற ஹேண்ட்லர் 2002-இல் ஸ்பைஸ் என்ற மினியேச்சர் பூடிலோடு அமெரிக்காவின் புகழ்பெற்ற வெஸ்ட்மின்ஸ்டர் ஷோவில் 'பெஸ்ட் இன் ஷோ', அதாவது மொத்த ஷோவிலும் முதல் பரிசு, வென்றார். அடுத்த முறை வென்றது 2024-இல், சேஜ் என்ற இன்னொரு மினியேச்சர் பூடிலோடு. நடுவே 22 வருடம். வெறும் முகராசியில் நடக்கிற காரியமா இது?

சரி, குறையே இல்லையா? இருக்கிறது. முகம் பார்த்துக் கை காட்டும் நடுவர்களும் உண்டு, நானே பார்த்திருக்கிறேன். பணம் இருப்பவர் வாரம் தவறாமல் ஷோவுக்கு அனுப்பலாம், பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரமும் போடலாம், மற்றவரால் முடியாது. அதைவிட எனக்கு வலிப்பது வேறு. ஷோக்களில் சேரும் புள்ளிகளுக்காக மாதக்கணக்கில் ஹேண்ட்லரோடு ஊர் ஊராகப் போய், வண்டியிலும் கூண்டிலுமே இருந்துவிட்டு வரும் நாய்கள். ஒரு நாய் வீடு திரும்பியபோது தன் ஓனரைத் தாண்டி, ஹேண்ட்லர் போன வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்தக் காட்சி இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை. நல்ல ஹேண்ட்லர்கள் பலர் நாயைத் தங்கள் பிள்ளை போலத்தான் பார்த்துக்கொள்கிறார்கள், அது தெரியும். ஆனாலும் அவ்வளவு நாள் கொடுத்துவிடாதீர்கள் என்றுதான் ஓனர்களிடம் சொல்வேன்.

ஓனர்களுக்கென்று தனிப் போட்டிகள் இருப்பதை முழுமனதாக வரவேற்கிறேன். அமெரிக்காவில் உரிமையாளரே கொண்டுவரும் நாய்களுக்குத் தனித் தொடர் உண்டு. தொழில்முறை ஹேண்ட்லரும் அவர் வீட்டாரும் உதவியாளரும் அதில் இறங்க முடியாது. இங்கிலாந்தில் க்ரஃப்ட்ஸ் என்ற பெரிய ஷோவிலேயே பெரும்பாலானோர் தங்கள் நாயைத் தாங்களே கொண்டுவருகிறார்கள். ஓனரால் முடியாது என்பதில்லை. கற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். யாரைத் திட்டுகிறோமோ அவரிடமே போய்க் கேட்கலாம். நான் கேட்டபோது மறைக்காமல் சொல்லிக்கொடுத்தார்.

இப்போது கரியனை நானே கொண்டுபோகிறேன். போன ஷோவில் மூன்றாவது இடம். அதே ஹேண்ட்லர் வேறொரு லாப்ரடாரோடு முதலிடம். வெளியே வந்ததும் என்னைத் தேடி வந்து, "மூலைத் திருப்பத்துல உங்க வேகம் குறையுது சார், அங்கதான் அவன் திரும்பவும் பேஸிங்குக்குப் போறான்" என்றார். தினமும் காலையில் அந்தத் திருப்பத்தைத்தான் இப்போது நாங்கள் இருவரும் பழகிக்கொண்டிருக்கிறோம்.